சேலைக் கவரில் கட்டிய அரிசி

சோறு வெந்துவிட்டது. கூடத்தில் மூன்று தட்டுகளை வைத்தேன். எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு ஒன்று, தலைப்பிரசவத்துக்காகப் பலமனேரிலிருந்து வந்திருந்த மகள் ஹேமாவுக்கு ஒன்று. ஒன்றரை வருடமாக டிரம்முக்குள் அடைபட்டுக் கிடந்த அரிசி அன்றுதான் முதல் முறையாக உலையைப் பார்த்தது.

அது சாப்பாடு அல்ல, பரீட்சை. எங்கள் திருப்பதி வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரே ஒரு அறை. அந்த அறை முழுக்கப் பதினொரு நீல பிளாஸ்டிக் டிரம்கள். எட்டு மாத வயிற்றோடு வந்த பெண், வாசலுக்கு நேராகக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

குழந்தை பிறப்பதற்குள் அறை காலியாக வேண்டும் என்றேன் நான். குழந்தை பிறந்த பிறகுதான் டிரம்முக்கே வேலை என்றார் அவர். பத்து நாள் சண்டைக்குப் பிறகு அவரே ஒரு வழிக்கு வந்தார்.

"ஒரு கவர தொறந்து சோறாக்கு டீச்சர். நல்லா இருந்துதுன்னா டிரம் இருக்கட்டும். நல்லா இல்லன்னா நானே அத்தினியும் வெளிய தள்ளிட்றேன். சத்தியமா."

டீச்சர் என்பது நான்தான். நகரியில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் என்னை அப்படிக் கூப்பிட்டதைப் பார்த்து இவரும் கூப்பிட ஆரம்பித்தார். கேலியா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் அவர்தான் வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தலையை ஆட்டினார். "எப்படிக்கீது பாரு!" என்றார். நானும் ஒரு வாய் போட்டேன். கொஞ்சம் பழைய அரிசி போல இருந்ததே தவிர, என் நாக்குக்கு வேறு குறை தெரியவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். எரிச்சலில் நெய்க் கிண்ணத்தைக்கூட அவர் பக்கம் தள்ளவில்லை.

ஹேமா ஒரு பிடி எடுத்தாள். கை வாய்வரை போகவில்லை. மூக்கருகில் நின்றது. பிடியைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"இன்னா நைனா, சோத்துல பீரோ வாசன வருது?"

பதினொரு சம்பந்திகள்

இந்த டிரம்களின் வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

நகரியில் எங்களுக்கு நான்கு விசைத்தறிகள் ஓடின. அவற்றை விற்று, வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பதிக்கு வந்தோம். இவருக்கு ஒரு சேலைக் கடையில் மடித்து, கவரில் போட்டு, கட்டுக் கட்டும் வேலை கிடைத்தது. வந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டு நாள் கடை இல்லை, பால் இல்லை. எங்கள் வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிட்டோம். தண்ணீர் வடிந்ததும் தெருவே துடைப்பமும் பினாயிலும் வாங்க ஓடியது. இவர் மட்டும் ஒரு நீல டிரம்மைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு இது?"

"மறுபடி வெள்ளம் வந்துதுன்னா?"

"வந்தா இதுல ஏறி மெதக்கலாம்னு வாங்கினீங்களா?"

"பர்வாலேது, நீ சிரி" என்றார்.

சேலை வியாபாரத்தில் தெலுங்குக்காரர்களோடு பழகிப் பழகி ஒட்டிக்கொண்ட சொல் இந்தப் 'பர்வாலேது'. பரவாயில்லை என்று அர்த்தம். திட்டினாலும் பர்வாலேது, தடுக்கி விழுந்தாலும் பர்வாலேது. இப்படிப்பட்ட மனிதரோடு சண்டை போடுவது சுவரோடு பந்து விளையாடுவது மாதிரி.

இவருக்கு ஒரு குருநாதர் வேறு இருந்தார். யூடியூபில் தெலுங்கில் பேசுகிற ஒரு தாடிக்காரர். உலகம் எந்த நிமிடமும் முடியப் போகிறது, அதற்குள் துவரம்பருப்பை எப்படிக் கட்டி வைப்பது என்பதுதான் அவர் போதனை. யுத்தம், பூகம்பம், கரண்ட் இல்லாத ஆறு மாதம் என்று வரிசையாகப் பயமுறுத்துவார். நடுவில் தலைமுடி எண்ணெய்க்கு விளம்பரம் வரும். உலகம் முடியும்போது முடி எதற்கு என்று நான் கேட்டால், இவர் வால்யூமைக் கூட்டுவார்.

கட்டும் முறை

ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிசியை மொட்டைமாடியில் என் பழைய சேலை மேல் பரப்புவார். இரண்டு வெயில் காயவைப்பார். ஒரு அரிசியை எடுத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னொரு வெயில். பருப்பை லேசாக வறுத்து ஆறவைப்பார். பிறகு கவரில் நிரப்பி, காற்றை உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, கவரின் வயிற்றை அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை மெஷினில் வைத்து ஒட்டுவார்.

அந்த ஒட்டுகிற மெஷின் நகரியில் சேலைக் கவர் ஒட்டியது. தறிகளை விற்றவர் அதை மட்டும் விற்கவில்லை. கையால் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், எண்ணி மூன்று வரை பிடித்து விட வேண்டும். இவர் ஒட்டினால் ஒரு முடி நுழையக்கூட வழி இருக்காது. அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கவர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு அவசரமில்லை.

கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் தெலுங்கில் 'பிய்யம்' என்று எழுதி ஒட்டுவார். பிய்யம் என்றால் அரிசி. பத்தொன்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளின் வீட்டில் பதினொரு டிரம் நிறையத் தெலுங்கு.

எல்லாவற்றையும் கட்டினார். சித்தூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு வேர்க்கடலையைக் கட்டாமல் விட்டால் தெய்வக் குற்றமாகிவிடும் என்பதுபோல ஒரு டிரம் நிறையக் கடலை கட்டினார். கடலையில் எண்ணெய் இருக்கிறதே, கெட்டுப்போகாதா என்று கேட்டேன். குருநாதர் கடலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். ஆறாம் மாதம் திறந்தால் சிக்கு வாடை. செக்கடியில் தலையை விட்டதுபோல இருந்தது. சர்க்கரைக் கவரிலும் காற்றை உறிஞ்சுகிற பொட்டலத்தைப் போட்டார். அது செங்கல்லாக இறுகிவிட்டது. தீபாவளிக்குப் பாயசம் வைக்கச் சுத்தியலைக் கேட்டு வாங்கினேன்.

கேழ்வரகையும் விடவில்லை. சும்மா மூட்டையில் போட்டாலே வருடக்கணக்கில் கெடாத தானியம் அது. அதற்கும் பொட்டலம், அதற்கும் சீல். "அதுக்கு ஒரு மாஸ்க்கும் மாட்டி விடுங்க" என்றேன்.

அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் அந்த டிரம்களுக்குச் சம்பந்திகள் என்று பெயர் வைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தவர்கள் கிளம்ப மாட்டேன் என்கிறார்களே, அதனால். நிஜச் சம்பந்தியம்மா பலமனேரிலிருந்து வந்தபோது அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, மளிகக் கட வைக்கப்போறீங்களா?" என்று கேட்டார். "இல்ல அண்ணி, இவரு பிரளயத்துக்கு ஒரு ஆளாக் காத்துக்கினு கீறாரு" என்றேன். இவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது.

மாஸ்க்கை இறக்குங்க

வெள்ளத்துக்குப் பயந்து டிரம் வாங்கினார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தேன். அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

ஊரடங்கு வந்தபோது நாங்கள் நகரியில் இருந்தோம். தறிச் சத்தம் நின்றுபோன தெரு எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தூக்கமே வராது. நூல் வரவில்லை, நெய்து வைத்த சேலையைக் கேட்பார் இல்லை. என் பள்ளிக்கூடத்தில் போனிலேயே பாடம் நடத்துங்கள், சம்பளம் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு நாள் காலை அரிசி டப்பாவைச் சாய்த்து உள்ளங்கையால் வழித்தேன். அன்றைக்கு ஒரு மொத்த வியாபாரி அரிசிப் பை கொடுக்கிறார் என்று தெருவில் பேச்சு. வருடக்கணக்காக எங்களிடம் சேலை எடுத்தவர். ஒவ்வொரு சேலையிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்து விலையைக் குறைத்தவர். அவர் இப்போது தர்மப் பிரபு.

"போய் லைன்ல நில்லுங்க" என்றேன்.

"எங்கிட்ட சரக்கு எடுக்கற ஆளு அவரு. அவருகிட்ட போய் எப்படி..."

"ஊரே நிக்குது. உங்க தலையில மட்டும் இன்னா கிரீடமா வச்சிக்கீது?"

சட்டையை மாற்றிக்கொண்டு போனார். சுண்ணாம்பில் போட்ட வட்டத்துக்குள் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும் அந்த வியாபாரியும் கூட ஏழு பேரும் ஒரே பையைச் சேர்ந்து பிடித்தார்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு எண்ணெய்ப் பாக்கெட். அதைத் தூக்க எட்டுப் பேர். எதிரே போன் பிடித்திருந்தவன் சொன்னானாம்: "மாஸ்க்க எறக்குங்கண்ணா, மொகம் தெரியல. கொஞ்சம் சிரிங்க."

ஊரே நோய்க்குப் பயந்து மூக்கை மூடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் புண்ணியவான்களுக்கு வாங்குகிறவனின் முகம் வேண்டும். முகம் இல்லாமல் தர்மம் கணக்கில் ஏறாது போலிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் போட்டோ எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. தெரு குரூப், சொந்தக்காரர்கள் குரூப், சேலை வியாபாரிகள் குரூப். இவர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கச் சொன்னார்களே, அதனால் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த அரிசியைப் புடைத்து, வண்டு பொறுக்கி, நான்தான் சோறாக்கினேன். நன்றாகவே சாப்பிட்டேன். பசி அப்படி. இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "இன்னா, வேணாமா?" என்றேன். "பர்வாலேது" என்றார்.

அதோடு சரி. அந்தப் போட்டோவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊரடங்கு முடிந்தும் அந்த வியாபாரியிடம் இவர் சரக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு வருடத்துக்குள் தறிகளை விற்றார். கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

ஆகவே, டிரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். இனி எந்தக் காலத்திலும் யாருடைய அரிசிப் பைக்கு முன்னாலும் போய் நிற்கக் கூடாது என்பதற்காக. தெரிந்தும் வெள்ளம், பிரளயம், தாடிக்காரர் என்று கேலி செய்துகொண்டே இருந்தேன். கேலி பண்ணுகிற வரைக்கும், அவரை அங்கே அனுப்பியது யார் என்ற பேச்சு வராது அல்லவா? வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மாட்டின் தீர்ப்பு

தட்டுக்கு வருவோம்.

"பீரோ வாசனயா? எங்க வருது?" என்று இவர் ஹேமாவின் தட்டை எடுத்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். சூடான சோற்று வாசனைதான் வந்தது.

"வயித்துப் புள்ளக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்மா. எனக்கு உன்ன சொமந்தப்போ சோப்பு நாறிச்சி" என்றேன். எனக்கே ஆச்சரியம், நான் டிரம் கட்சிக்குப் பேசிக்கொண்டிருந்தேன். வாயில் போட்ட சோற்றை நன்றாக இருக்கிறது என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டேனே, இப்போது பின்வாங்க மனமில்லை.

"அம்மா, உங்க ரெண்டு பேர் மூக்கும் செத்துப்போச்சி. இது பாச்சை உருண்ட வாசன. நம்ம நகரி வூட்டு சேல பீரோவத் தொறந்தா வருமே, அதே வாசன. இத நான் துன்ன மாட்டேன், பாப்பாவுக்கு ஆவாது."

பூச்சி வராமல் இருக்கச் சேலைக் கட்டுகளுக்கு நடுவே போடுவோமே, அந்த வெள்ளை உருண்டை. நகரியில் பாதி வீடுகளில் அந்த வாசனைக்குள்தான் சமைப்போம், தூங்குவோம், பிள்ளை பெறுவோம். வருடக்கணக்காக அதிலேயே கிடந்த எங்கள் மூக்குக்கு அது வாசனையாகவே தெரியாது. ஹேமா கல்யாணமாகி மூன்று வருடம் பலமனேரில் மாட்டுத் தொழுவத்துக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் நடுவே இருந்துவிட்டு வந்தவள். அவள் மூக்கு பிழைத்துக்கொண்டது.

இவர் ஒப்புக்கொள்ளவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். எங்கள் தெருவில் ஒரு சிவப்பு மாடு உண்டு. சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்னும். குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் பையோடு இட்லியை விழுங்கும். ஒருமுறை எங்கள் வாசல் மிதியடியைப் பாதி தின்றிருக்கிறது. அது ஆசையாக வந்தது, தட்டில் மூக்கை வைத்தது, புஸ் என்று ஒரு மூச்சு விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போயிற்று.

இவர் தட்டோடு நடுத்தெருவில் நின்றார். நான் படியில் நின்று சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து என்ன என்று கேட்டபோதுகூட நிறுத்த முடியவில்லை.

பிறகு ஒவ்வொரு டிரம்மாகத் திறந்தோம். ஹேமா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கவரையும் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். அரிசி போச்சு, பருப்பு போச்சு, ரவை போச்சு. கேழ்வரகுகூடப் போச்சு. சும்மா விட்டிருந்தால் அதுவாவது பிழைத்திருக்கும்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். இரண்டு நாள் லீவு போட்டு, கவர் கவராக அறுத்து, எல்லாவற்றையும் குப்பை வண்டியில் கொட்டினார். வண்டிக்காரர் கையில் கொஞ்சம் எடுத்து முகர்ந்துவிட்டு, இது என்ன மருந்தா என்று தெலுங்கில் கேட்டார். இவர் அடுத்த கவரை அறுத்தார். காலி டிரம்களை மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்தார்.

அறை காலியானது. கழுவித் துடைத்து, ஹேமாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. பதினெட்டாம் நாள் பேத்தி பிறந்தாள்.

சிவப்பு விளக்கு

அதற்குப் பிறகு நான் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

கவர் கதையை இனியும் தள்ளிப்போட முடியாது. முதல் டிரம் வாங்கிய வாரம் இவர் போனில் வெள்ளி நிறத்தில் கெட்டியான பைகளைக் காட்டினார். வெளிச்சம் புகாது, வாசனை புகாது, அதில்தான் கட்ட வேண்டும் என்று குருநாதர் சொல்கிறாராம். தாடிக்காரர் சொன்னதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் எதுக்கு? நகரி பீரோல உங்க சேலக் கவரு கட்டுக் கட்டா கெடக்குது. சேல போடத்தான் யோகம் இல்லாம போச்சி. அரிசியாவது போட்டு வைங்க."

குத்தலாகத்தான் சொன்னேன். குத்தல் என்று அவருக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் மறுநாளே பஸ் ஏறிப்போய் அந்தக் கவர்களை எடுத்துவந்தார். பாச்சை உருண்டையோடு வருடக்கணக்கில் பீரோவில் கிடந்த கவர்கள்.

ஆக, அத்தனை தானியமும் என் வாயால் கெட்டது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் ஜெயித்திருக்கக்கூடிய ஒரே சண்டை. நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. குழந்தைக்குத் தொட்டில் கட்டினார், கடைக்குப் போனார், வந்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்த மனிதருக்குச் சண்டை போடக்கூடத் தெரியவில்லையே என்று அதற்கும் அவர் மேலேயே கோபம்.

பேத்திக்கு ஒரு மாதம் ஆனபோது ஹேமாவின் போனில் அந்த வெள்ளிப் பைகளுக்கு நானே ஆர்டர் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பார்சல் வந்தது. பிரித்து இவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மாடியிலிருந்து இரண்டு டிரம் கொண்டுவந்து கூடத்து மூலையில் வைத்தார். மெஷினைத் துடைத்து பிளக்கில் சொருகினார். நான் எதிரில் உட்கார்ந்து பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்த சேலக் கவர எடுத்துக்கச் சொன்னது நான்தான். அத ஒரு தடவ சொல்லித் தொலைங்களேன்."

"நீயா சொன்ன? ஞாபகம் இல்லயே டீச்சர்."

பச்சைப் பொய். எந்த வருடம் எந்தச் சேலைக்கு எந்தக் கரை போட்டோம் என்று ஒப்பிக்கிற மனிதர் அவர். நானும் விடவில்லை.

"நகரியில லைன்ல போய் நில்லுங்கன்னு சொன்னதும் நான்தான்."

இதற்கு ஞாபகம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பர்வாலேது என்றும் சொல்லவில்லை. மெஷினில் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடாயிடுச்சி" என்றார். "வாயி கோணலா கீது பாரு. நேராப் புடி."

நேராகப் பிடித்தேன்.